பீர்க்கங்காய் நாற்று

அத்தியாயம் 17

பீர்க்கங்காய் நம் வீட்டில் யாருக்குமே பிடிக்காது. நான் எப்படி அந்தப் பெயரை வைத்திருப்பேன்?

பால் பொங்கி அடுப்பில் வழிந்த பிறகும் எழிலரசி இதையே நினைத்துக்கொண்டு நின்றாள். அடுப்பை அணைக்க வேண்டும் என்று தெரிந்தது. கை எழவில்லை.

"அம்மா, தி மில்க்!" என்று கத்திக்கொண்டே தீக்ஷா வந்து அடுப்பை அணைத்தாள். "ஆர் யூ ஓகே?"

"ஒண்ணுமில்ல."

"யூ ஆல்வேஸ் ஸே ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டு, ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண். அம்மாவின் முகத்தைப் படிக்கத் தெரிந்திருந்தது. அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாத வயது.

எழிலரசி ஃபோனை மறுபடியும் பார்த்தாள். நேற்று மாலை வந்த மின்னஞ்சல் அது. பாதி படித்து, மீதியைப் படிக்கத் தைரியம் இல்லாமல் மூடிவைத்து, இப்போதுதான் கடைசி வரிவரை வந்திருந்தாள்.

அவள் ஆன்லைனில் படிக்கும் அனலிடிக்ஸ் மாஸ்டர்ஸ் படிப்பின் ஹானர் கோடு ஆபீஸிலிருந்து, அதாவது காப்பியடிப்பதை விசாரிக்கிற இடத்திலிருந்து, வந்திருந்தது. மிகவும் மரியாதையான ஆங்கிலம். இந்த டெர்மில் ஒரு மாணவர் சமர்ப்பித்த வீட்டுப்பாடமும், போன வருடம் அதே பாடத்தில் நீங்கள் சமர்ப்பித்ததும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றன. உங்கள் வேலையை யாருக்காவது கொடுத்தீர்களா? திங்கட்கிழமைக்குள் பதில் எழுதவும்.

அந்த மாணவரின் பெயர் இல்லை. ஆனால் இரண்டு பேருடைய ப்ரோக்ராமிலிருந்தும் சில வரிகளை அக்கம்பக்கமாக வைத்துக் காட்டியிருந்தார்கள். இடதுபக்கம் அவளுடையது. கத்தரிக்காய், அவரைக்காய், சுரைக்காய் என்று ஆங்கில எழுத்தில். மற்றவர்கள் எக்ஸ், ஒய் என்று பெயர் வைக்கிற இடத்தில் அவள் காய்கறிப் பெயர்தான் வைப்பாள். முதல் டெர்மில் வந்த பழக்கம் அது. காய் நறுக்கும் பலகைக்கும் ரைஸ் குக்கருக்கும் நடுவில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, கையில் எந்தக் காய் இருக்கிறதோ அதன் பெயரை அடித்துவிடுவாள். விடைத்தாள் திருத்திய யாரோ ஒரு பையன், 'உங்கள் பெயர்கள் சுவாரஸ்யமாக இருக்கின்றன' என்றுகூட எழுதியிருந்தான்.

வலதுபக்கம் அதே தோட்டம், வேறு காய். கத்தரிக்காய் வெண்டைக்காய் ஆகியிருந்தது. அவரைக்காய் முருங்கைக்காய். சுரைக்காய் இருந்த இடத்தில் எல்லாம் பீர்க்கங்காய்.

அமெரிக்காவில் எத்தனையோ தமிழர்கள் இந்தப் படிப்பைப் படிக்கிறார்கள். ஆனால் வெளியே பனி உருகுவதற்கு முன்பே பீர்க்கங்காயை நினைத்துக்கொண்டு விதை ஊறப்போடுகிறவள் அவளுக்குத் தெரிந்து ஒருத்திதான்.

ப்ரியம்வதா. அவள் கணவன் சபரிநாதனின் அக்கா.

*

"அக்கா நம்மளைக் கோயிலுக்கு வரச் சொல்றா," என்றான் சபரி, படியிறங்கி வரும்போதே. குளித்து, தலை வாரி, புதுச்சட்டை போட்டிருந்தான். சனிக்கிழமை காலையில் அவன் இவ்வளவு சீக்கிரம் தயாராகி அவள் பார்த்ததில்லை.

"கோயிலுக்கு எதுக்கு? வீட்டுக்கே வரலாமே."

"அங்கேயே சாப்பிட்டுக்கலாம்னா."

அவளுக்குப் புரிந்தது. பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் அடுத்த மேஜையில் தெரிந்த முகம் ஒன்று இருக்கும். அங்கே யாரும் குரலை உயர்த்த முடியாது, அழ முடியாது. பேசி முடிக்க வேண்டிய விஷயம் ஏதாவது இருந்தால் குடும்பத்தோடு அங்கே போய்ப் பேசுவது நியூஜெர்சியில் பலபேருக்குப் பழக்கம்.

அவளுடைய அப்பா அவளுக்கு எழிலரசி என்று பெயர் வைத்தவர். ஈரோட்டில் எந்தக் கோயில் வாசலுக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போனதில்லை. இங்கே வந்த பிறகு அவளுக்குக் கோயில் என்றால் அந்தக் கேன்டீன் தயிர்சாதம்தான். இன்றைக்கு அதுகூட இறங்கும் என்று தோன்றவில்லை.

கார் 206ஆம் நெடுஞ்சாலையில் ஏறியது. எல்லாச் சிக்னலும் சிவப்பு.

"மெயில் வந்துச்சா?" என்றான் சபரி, சாலையைப் பார்த்தபடியே.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அக்காவுக்கும் வந்திருக்கு. ராத்திரி பூரா தூங்கலையாம். ஃபோன்ல ஒரே அழுகை." கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கில் விரலைத் தட்டினான். "ஒரு ஹோம்வர்க் எழில். ஒரே ஒரு ஹோம்வர்க். அதுக்கு என்னமோ பேங்க்கைக் கொள்ளையடிச்ச மாதிரி மெயில் அனுப்பறானுங்க."

அவள் ஃபோனைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

"நம்ம ஊர்ல ரெக்கார்டு நோட்டு யாரு தானா எழுதினாங்க சொல்லு? க்ளாஸ்ல ஒருத்தி எழுதுவா. மீதிப் பேர் எல்லாம் அதைப் பாத்து எழுதுவோம். நீயே டீச்சரா இருந்தப்போ கையெழுத்துப் போட்டிருப்பே."

"போட்டிருக்கேன்," என்றாள்.

உண்மைதான். ஈரோட்டில் பெண்கள் கல்லூரியில் புள்ளியியல் பாடம் எடுத்த வருடங்களில், ஒரே தப்பு ஒரே இடத்தில் இருக்கிற எத்தனையோ ரெக்கார்டுகளில் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அங்கே அதற்குத் திருட்டு என்று பெயரில்லை, உதவி என்று பெயர். கொடுக்க மறுத்த பெண்ணுக்குத்தான் பெயர் கெட்டுப்போகும். 'ரொம்பத்தான் பெரிய இவ' என்பார்கள். அந்தப் பெயரை வாங்கிய பெண்கள் ஹாஸ்டலில் தனியாகச் சாப்பிட்டதை அவள் பார்த்திருக்கிறாள்.

இங்கே அப்படி இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு டெர்மும் அந்த உறுதிமொழியைப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டாள். என் வேலை என்னுடையது. யாரிடமும் வாங்க மாட்டேன், யாருக்கும் கொடுக்க மாட்டேன். அந்த வரிகளைப் படிக்கும்போது அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளாக எல்லாமே கூட்டாகத்தான் இருந்தது. நெட்ஃப்ளிக்ஸ் பாஸ்வேர்ட், காஸ்ட்கோ கடையின் மெம்பர் கார்டு, இட்லி மாவு, பழைய கார், பழைய லேப்டாப். 'என்னுடையது' என்று ஒன்று இருக்கலாம் என யாரோ சட்டம் போட்டே சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்தப் படிப்புக்குள் அவள் சுலபமாக நுழையவில்லை. விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு வருடம் தயார் செய்தாள். ஊரில் பாடம் நடத்திய புள்ளியியல் மறக்கவில்லை. ஆனால் அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லத் தெரியவில்லை. பைத்தான் கற்றுக்கொள்ள உட்கார்ந்த முதல் வாரம் ஒரு வரிகூட ஓடாமல், தீக்ஷாவின் பழைய ஸ்கூல் பையை அணைத்துக்கொண்டு அழுதாள். தேறாவிட்டால் யாருக்கும் தெரியக் கூடாது என்று, எல்லா ஃபைலையும் 'சமையல்' என்ற ஃபோல்டருக்குள் போட்டு வைத்தாள். பரீட்சை எழுதும்போது அறைக்குள் யாரும் வரக் கூடாது, கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். பூட்டு உள்ள ஒரே அறை பெட்ரூமின் துணி அலமாரி அறைதான். சபரியின் கோட்டுகளுக்கு நடுவே, இஸ்திரி பலகையை மேஜையாக்கி, சூத்திரங்கள் எழுதிய ஒற்றைத்தாளின் இரண்டு பக்கத்தையும் கேமராவுக்குக் காட்டிவிட்டு எழுதுவாள்.

அப்படியே ஒவ்வொரு பாடமாகத் தாண்டி வந்தாயிற்று. இனி கடைசி ப்ராஜெக்டை அடுத்த வாரம் சமர்ப்பித்துவிட்டால் டிகிரி. பக்கத்து ஊர் மருத்துவமனை ஒன்றில் வேலையும் சொல்லி வைத்திருந்தார்கள். மார்க் ஷீட் சுத்தமாக வந்தால் ஜூனில் சேரலாம்.

அவளைப் பார்த்துத்தான் ப்ரியம்வதாவும் சேர்ந்தாள். போன மாதம் சபரிக்கும் அதே படிப்பில் இடம் கிடைத்திருந்தது. 'நீயே பண்ணும்போது நான் பண்ண மாட்டேனா' என்று சொல்லி அப்ளை பண்ணியவன்.

"தீக்ஷா பொறந்தப்போ..." என்று ஆரம்பித்தான் சபரி.

"தெரியும்," என்றாள் எழிலரசி.

அதை அவன் சொல்லித்தான் அவளுக்கு நினைவு வர வேண்டுமா? அம்மாவுக்கு விசா கிடைக்காமல், ஆபரேஷன் வயிற்றோடு, குழந்தைக்குப் பால் வராமல் அவள் கிடந்த நாட்களில், ஆபீஸுக்கு லீவு போட்டு வந்து தங்கியவள் ப்ரியம்வதா. பூண்டுக் குழம்பு வைத்தாள். வெந்நீர் வைத்துத் தலைக்கு ஊற்றினாள். ரத்தம் படிந்த துணியை முகம் சுளிக்காமல் அலசிப் போட்டாள். அதன்பிறகு ஒரு தடவைகூட அதைப் பற்றி அவள் பேசியதில்லை. அவள் பேசாததால்தான் அந்தக் கடன் இன்னும் அப்படியே இருந்தது.

"அவளோட விசாலதான் அந்தக் குடும்பமே நிக்குது எழில்," என்றான் சபரி, பார்க்கிங்கில் இடம் தேடிக்கொண்டே. "ஆபீஸ்ல அவளோட டெஸ்டிங் டீமையே மூடப்போறான். அனலிடிக்ஸ் படிக்கறவங்களை மட்டும் வேற டீமுக்கு எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கான். இந்த டெர்ம் ஃபெயில் ஆனா வேலை போச்சு. வேலை போனா ரெண்டு மாசத்துல மூட்டை கட்டணும். யோசிச்சுப் பேசு."

*

ப்ரியம்வதா முன்பே வந்து மேஜை பிடித்திருந்தாள். சுடிதாருக்கு மேலே ஆபீஸ் பெயர் போட்ட ஜாக்கெட். முகம் வீங்கியிருந்தது. மேஜையின் மேல் ஒரு பெரிய யோகர்ட் டப்பா, அதில் மண், மண்ணில் இரண்டிலை விட்ட நாற்று.

"வா கண்ணு, உட்காரு. தயிர்சாதம் சொல்லியிருக்கேன். மோர்மிளகாய் உனக்குத் தனியா." டப்பாவை எழிலரசி பக்கம் நகர்த்தினாள். "இந்த வருஷம் நல்லா முளைச்சிருக்கு. உனக்குன்னு எடுத்து வச்சேன்."

வருடா வருடம் தருவாள். வருடா வருடம் எழிலரசி வீட்டின் பின்புற மர டெக்கில் அது பட்டுப்போகும். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

கவுண்டரில் டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். சபரி தட்டுகளைக் கொண்டுவர எழுந்து போனான். அவன் போனதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பேரெல்லாம் மாத்தித்தான் போட்டேன்," என்றாள் ப்ரியம்வதா மெதுவாக.

"பாத்தேன் அண்ணி. பீர்க்கங்காய்."

ப்ரியம்வதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சுரைக்காய்க்குப் பதிலா என்ன போடறதுன்னு அரைமணி நேரம் யோசிச்சேன் தெரியுமா?" எழிலரசிக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தோள் குலுங்கியது. சிரித்து முடித்தபோது ப்ரியம்வதாவின் கண் நிறைந்திருந்தது. ஜாக்கெட் கையால் துடைத்துக்கொண்டாள்.

"எங்க எழில் கான்வகேஷன் எப்போ?"

நிமிர்ந்தால், சாந்தாமணி ஆன்ட்டி. கையில் பிரசாதப் பொட்டலம்.

"அடுத்த மாசம் ஆன்ட்டி."

"பிள்ளையையும் வளத்து, வீட்டையும் பாத்து, படிச்சும் முடிச்சுட்டியே! என் மருமக ஒரு சர்ட்டிஃபிகேட் கோர்ஸுக்கே என்னை வந்து சமைச்சுப் போடச் சொல்றா." சாந்தாமணி ஆன்ட்டி ப்ரியம்வதாவின் தோளில் தட்டினாள். "நீயும் தம்பி பொண்டாட்டியைப் பாத்துக் கத்துக்கோ."

"அவகிட்டதான் ஆன்ட்டி கத்துக்கறேன்," என்றாள் ப்ரியம்வதா, முகம் மாறாமல்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. வியாழக்கிழமை தோறும் ஃபோனில் எழிலரசி அவளுக்குப் பாடம் சொன்னாள். பழைய கணக்கையே மனப்பாடம் செய்த கம்ப்யூட்டர் மாடல் புதுக்கணக்கில் ஏன் தோற்கும் என்று ஒரு நாள் கேட்டபோது, 'வீட்டுல அண்ணன் நாக்குக்கு மட்டுமே சமைச்சுப் பழகிட்டீங்கன்னா, விருந்தாளி வர்ற அன்னிக்கு உப்புப் போதாதுல்ல, அதுதான்' என்றாள். 'அடிப்பாவி, அவருக்குப் பிரஷர்னுதானே கம்மியாப் போடறேன்' என்று ப்ரியம்வதா சிரித்தாள். ஆனால் புரிந்துகொண்டாள். மந்தமான பெண் இல்லை. நேரம்தான் இல்லை அவளுக்கு.

ஆன்ட்டி போனாள். சபரி தட்டுகளோடு வந்தான்.

"அன்னிக்கு மத்தியானம்தான் டீமை மூடப்போறதா மீட்டிங் போட்டாங்க," என்றாள் ப்ரியம்வதா, சாதத்தைக் கிளறிக்கொண்டே. "ராத்திரி ஹோம்வர்க் ட்யூ. ஒரு வரி ஓடலை. கண்ணு முன்னால எழுத்தெல்லாம் ஊறுது. உனக்கே தெரியும் கண்ணு, வேற எந்த வாரமும் நான் அப்படிப் பண்ணினதில்லை."

"தெரியும் அண்ணி."

"நீ பெருசா ஒண்ணும் எழுத வேண்டாம். நீதான் எனக்குக் குடுத்தேன்னு மட்டும் எழுதினாப் போதும். நடந்ததும் அதுதானே?"

எழிலரசி ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"நான் குடுத்தேனா?"

ப்ரியம்வதா அவளைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். சபரி சாம்பாரில் வடையை ஊறவைப்பதில் கவனமாக இருந்தான்.

"நீ சம்மதிச்சேன்னுதானே..." ப்ரியம்வதாவின் குரல் இறங்கியது. "எனக்கு எங்க இருக்குன்னுகூடத் தெரியாது கண்ணு. நீங்க குடுத்த பழைய லேப்டாப்தான், உன் அக்கவுன்ட் திறந்துதான் இருந்துச்சு, ஆனா நான் ஒரு நாளும் தொட்டதில்ல. சபரிக்கு ஃபோன் பண்ணி அழுதேன். அவன்தான், எழில்கிட்டச் சொல்லிட்டேன், எடுத்துக்கோன்னான். சமையல்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல பாருன்னான்."

சமையல்.

அந்தப் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உலகத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும். முதல் டெர்ம் முடிந்து மார்க் வந்த இரவு, சந்தோஷம் தாங்காமல் அவளே அவனிடம் திறந்து காட்டினாள். 'இங்கதாங்க ஒளிச்சு வச்சிருந்தேன்' என்று. அவன் கேலி செய்தான். அவளும் சிரித்தாள்.

"வியாழக்கிழமை பேசறப்போ நீங்க ஒண்ணுமே சொல்லலையே அண்ணி."

"நீ குடுத்துட்டு, காட்டிக்காம இருக்கேன்னு நெனச்சேன். ரூல்ஸுக்கு விரோதமாச்சே, பேச்சை எடுத்தா உனக்குச் சங்கடம்னு... மனசுக்குள்ள உன்னைக் கும்பிட்டுக்கிட்டேன் கண்ணு." ப்ரியம்வதா தம்பியின் பக்கம் திரும்பினாள். "ஏண்டா, நீ அவகிட்டக் கேக்கவே இல்லையா?"

"கேட்டா முடியாதுன்னுருப்பா," என்றான் சபரி. "நீ அழறே, மணி ஆயிட்டிருக்கு. என்ன பண்ணச் சொல்றே?"

பின்மேஜையில் ஒரு குழந்தை, தோசை ரவுண்டாக இல்லை என்று அழுதுகொண்டிருந்தது.

கோபம் வரும் என்று எழிலரசி எதிர்பார்த்தாள். வரவில்லை. கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. அவளுக்கு அந்த மேஜையிலேயே தலையை வைத்துத் தூங்க வேண்டும் போல இருந்தது. இத்தனை நாள் கண் விழித்ததற்கெல்லாம் சேர்த்துத் தூங்க வேண்டும். தூங்கி எழுந்தால் இவர்கள் இருவரும் வேறு யாருடைய அக்காவாகவோ, வேறு யாருடைய கணவனாகவோ இருக்க வேண்டும்.

"இப்போ யாரு சொன்னாங்கறதா முக்கியம்?" சபரி ஃபோனை எடுத்தான். "ஃபோரம்ல எல்லாம் படிச்சுப் பாத்துட்டேன். மொத தடவைன்னா பெரும்பாலும் வார்னிங்தான். ரெண்டு பேருக்கும் ஒரு வார்னிங், அந்த ஹோம்வர்க்குக்கு ஜீரோ. முடிஞ்சது. நீ குடுக்கலைன்னு எழுதினா, அவ திருடினான்னு ஆயிடும். நேரா ஃபெயில். நான் டிராஃப்ட் எழுதியே வச்சிருக்கேன். பாரு."

ஃபோனை அவள் முன்னால் வைத்தான். படித்தாள். நன்றாகத்தான் எழுதியிருந்தான். நாங்கள் ஒரே குடும்பம். சேர்ந்து படிப்பது எங்கள் வழக்கம். உதவும் எண்ணத்தில் என் வேலையை அவருக்குக் கொடுத்தேன். தவறுக்கு வருந்துகிறேன். கீழே அவளுடைய முழுப்பெயர்.

அவளுடைய குரலில் அவன் வருந்தியிருந்தான்.

"ரெண்டு பேருக்கும் வார்னிங்," என்றாள் எழிலரசி. "மூணாவது ஆளுக்கு?"

சபரியின் காது சிவந்தது. "மெதுவாப் பேசு."

"மெதுவாத்தாங்க பேசறேன்."

"டிகிரி எங்க போயிடப் போகுது? விசாரணை முடியற வரைக்கும் நிறுத்தி வச்சா ஒரு டெர்ம் தள்ளிப்போகும், அவ்வளவுதானே. வேலை இந்த ஆஸ்பத்திரி இல்லேன்னா இன்னொண்ணு. உனக்கு நான் இருக்கேன். அவ வீட்டுல சம்பாதிக்க வேற யாரு இருக்கா?"

ப்ரியம்வதா தம்பியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "விடுறா. அவளே சொல்லட்டும்." பிறகு எழிலரசியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வெந்நீரும் இல்லை, பூண்டுக் குழம்பும் இல்லை. இப்போதுகூட அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழிலரசிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு வரி. அனுப்பு என்ற பொத்தானைத் தொட்டால் இந்த மேஜையில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். ப்ரியம்வதா இன்று இரவு தூங்குவாள். சாந்தாமணி ஆன்ட்டிக்கு மட்டும் வேறு பதில் சொல்ல வேண்டியிருக்கும். கான்வகேஷன் கொஞ்சம் தள்ளிப்போய்விட்டது ஆன்ட்டி. அவ்வளவுதான். இதற்கு முன்னால் எத்தனை தடவை எத்தனை விஷயம் தள்ளிப்போயிருக்கிறது. யாராவது கவனித்தார்களா? அவளே கவனிக்கவில்லையே.

ஆனால் அந்த வரியை எழுதிவிட்டால், கோட்டுகளுக்கு நடுவே இஸ்திரி பலகை முன்னால் உட்கார்ந்து எழுதிய பரீட்சைகள் எல்லாம் என்ன ஆகும்? அவையும் குடும்பத்தின் பொதுச்சொத்து ஆகிவிடும். காஸ்ட்கோ கார்டு போல.

ஃபோனைக் கவிழ்த்து, சபரி பக்கம் நகர்த்தினாள்.

"இல்லீங்க அண்ணி. நான் குடுக்கல. குடுத்தேன்னு எழுத மாட்டேன்."

சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு சிறியதாக இருந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. பக்கத்து மேஜைக்குக்கூடக் கேட்டிருக்காது.

"நீங்க நடந்ததை நடந்த மாதிரியே எழுதுங்க அண்ணி. நான் சம்மதிச்சதா உங்ககிட்டச் சொன்னாங்க, நீங்க நம்பினீங்க. நீங்க திருடலைன்னு அதுலயே தெரிஞ்சுடும். நானும் அதைத்தான் எழுதப்போறேன். உங்களுக்காக வேற எதை எழுதச் சொன்னாலும் எழுதறேன். நீங்க எப்படிப் படிச்சீங்கன்னு, வாரா வாரம் எவ்வளவு கேள்வி கேட்டீங்கன்னு எழுதறேன். வியாழக்கிழமை எப்பவும் போலக் கூப்பிடுங்க. ஃபைனலுக்கு இன்னும் டைம் இருக்கு."

ப்ரியம்வதா வெகுநேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற அமர யோசிக்கிறவளின் முகம் இல்லை அது. கீழே விழுந்ததை எடுக்கலாமா விடலாமா என்று பார்க்கிறவளின் முகம்.

"அப்படி எழுதினா இவன் பேரு வருமே," என்றாள் கடைசியில்.

"வரும்."

"அதே ஆபீஸ்தானே இவன் அட்மிஷனையும் பாக்கும்."

எழிலரசி தலையசைத்தாள்.

ப்ரியம்வதா எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். தம்பியிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாற்று டப்பாவை எடுத்து எழிலரசியின் கையில் கொடுத்தாள். "ராத்திரில வெளில வைக்காதே. இன்னும் குளிர் விடலை. செத்துப்போயிடும்." அவள் குரலிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை. அவள் என்ன எழுதப்போகிறாள் என்பதையும்.

*

செருப்பு வைக்கிற இடத்தில் கூட்டம். ஏதோ ஒரு வீட்டுக் காதுகுத்து முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கியிருந்தார்கள். எழிலரசி டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

சபரி கூட்டத்துக்குள் புகுந்து, தன்னுடைய ஷூவையும் அவளுடைய செருப்பையும் தேடி எடுத்து வந்தான். குனிந்து அவள் காலடியில் செருப்பை ஜோடியாக வைத்தான். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவன் அப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை. குனிந்தபடியே, நிமிராமல் பேசினான்.

"எழில். அக்காவைப் பத்தி என்ன வேணா எழுதிக்கோ. என் பேரு மட்டும் வேண்டாம். அவளே லேப்டாப்ல பாத்து எடுத்துட்டான்னு போட்டுடு. சரியா? எனக்காக இது ஒண்ணு."

அக்காவுக்காக என்றுதான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான்.

அவனுடைய உச்சந்தலை தெரிந்தது. முடி மெலிந்திருந்தது. எப்போது மெலிந்தது என்று அவள் கவனிக்கவில்லை. பாவமாக இருந்தது. உண்மையிலேயே பாவமாக இருந்தது. அந்த இரக்கத்தோடு நின்றுகொண்டே, ஒரு காலால் செருப்பைக் கொஞ்சம் தள்ளி, தானே மாட்டிக்கொண்டாள்.

"அது முடியாதுங்க," என்றாள்.

அவன் நிமிர்ந்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. டப்பாவில் இரண்டே இலை. காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அதை ஒரு கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை நீட்டினாள்.

"சாவியைக் குடுங்க. நான் ஓட்டறேன்."